வண்டிக்கு அடியில் ஓர் அட்டை

நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது.

மழை என்றுதான் நினைத்தேன். ஐப்பசி மாதத்துச் சென்னையில் தெருவோரம் மல்லாந்து படுத்திருப்பவன் மீது மழை விழுவதற்கு எல்லா நியாயமும் உண்டு. ஆனால் எனக்கு மேலே வானம் இல்லை, வேன் இருந்தது. சொட்டு வெதுவெதுப்பாக இருந்தது. அவசரப்படாமல் வழிந்து புருவத்தில் தங்கியது. தொட்டுப் பார்த்தேன். கறுப்பு. முகர்ந்து பார்த்தேன். பட்டறை வாசனை.

அப்போது என் தலைமாட்டில் ஒரு ஜோடி செருப்பு வந்து நின்றது.

“அண்ணே, பிரியாணி ரெடியா?” என்று கேட்டது செருப்பு.

இல்லை என்றேன். எப்போது ஆகும் என்றது. எனக்கும் அதே கேள்விதான் என்று சொல்லிவிட்டு, அடுத்த சொட்டு எங்கிருந்து கிளம்புகிறது என்று பார்க்க டார்ச்சைத் திருப்பினேன். செருப்பு கொஞ்ச நேரம் நின்றது. பிறகு, அடுப்பில் ஏதோ கோளாறு போலிருக்கிறது என்று யாருக்கோ போனில் சொல்லிக்கொண்டே போய்விட்டது.

பிரியாணி இல்லாத வண்டி

இந்தத் தொடரை முதலிலிருந்து படித்துவரும் பொறுமைசாலிகளுக்கு என் வேனைத் தெரியும். இந்த வாரம் புதிதாக மாட்டிக்கொண்டவர்களுக்காக ஒரு சுருக்கம்.

கல்யாண கோஷ்டிகளை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய்வந்த பழைய டீசல் வேன் அது. சீட்டுகளைக் கழற்றிவிட்டு, கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, ஒரு மின்விசிறி எல்லாம் பொருத்தி, ஓடும் வீடாக மாற்றியிருந்தேன். வெளிநாட்டில் இதற்கு கௌரவமான பெயர்கள் உண்டு. ராஜா அண்ணாமலைபுரத்தில், பக்கவாட்டில் ஜன்னல் திறக்கும் எந்த வண்டிக்கும் ஒரே பெயர்தான்: பிரியாணி வண்டி.

ஏன் வாங்கினாய் என்று கேட்பவர்களிடம், ஊர்சுற்றி எழுதப் போகிறேன் என்று சொல்லிவைத்திருந்தேன். உண்மையான காரணம் என் அக்கா சாரதா.

அக்கா பள்ளிக்கூடத்தில் புவியியல் ஆசிரியை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெற்ற நாள்வரை, கரும்பலகையில் ராமேசுவரம் தீவின் வாலை வரைந்து, அதன் நுனியில் சாக்பீஸால் ஒரு புள்ளி குத்தி, “இதுதான் தனுஷ்கோடி, இந்தப் பக்கம் ஒரு கடல், அந்தப் பக்கம் ஒரு கடல்” என்று சொல்லிக்கொண்டிருந்தவள். அந்தப் புள்ளிக்கு அவள் போனதில்லை. போகலாம் என்று நினைத்தபோது முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை வந்தது. அதற்குப் பிறகு அரை மணிக்கு மேல் உட்கார முடியாது. படுத்தால் வலி இல்லை. ரயில் ராமேசுவரம்வரை அவளைப் படுக்க வைக்கும். அங்கிருந்து நிலம் முடிகிற இடம்வரை யார் படுக்க வைப்பார்கள்?

தை பிறந்ததும் அவள் கோட்டூர்புரம் வீட்டைக் காலி செய்துவிட்டு மெல்போர்னில் மகனோடு போய் இருந்துவிடுவதாக முடிவாகியிருந்தது. ஒரே போக்காக. விமானத்தில் படுத்துக்கொண்டே போகிற சீட்டுக்கு மகன் ஏற்பாடு செய்திருந்தான். “போறதுக்கு முன்னாடி ஒரு தடவ அதப் பாத்துடணும்டா” என்று ஒரே ஒரு முறை சொன்னாள். எதையும் இரண்டாம் முறை சொல்லுகிற பழக்கம் அவளுக்கு வகுப்பிலேயே கிடையாது.

மார்கழியில் கிளம்புவதாகத் திட்டம். ஐப்பசியில் வேன் ஒழுக ஆரம்பித்தது.

ஒழுகும் பரம்பரை

ஒழுகுவது எனக்குப் புதிதில்லை. கல்லூரிக் காலம் முழுவதும் ஒழுகும் பேனாவால் சட்டைப் பையில் மைக்கறையோடு திரிந்தவன் நான். கவிஞன் என்று நினைத்துப் பழகிய இரண்டொருவர் உண்மை தெரிந்ததும் விலகிவிட்டார்கள்.

அப்பாவின் ஸ்கூட்டர் நின்ற இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் கிளம்பும். மயிலாப்பூர் குளக்கரையில் வரிசையாக நிற்கும் ஸ்கூட்டர்களுக்கு நடுவே, அப்பா நம்பர் பிளேட்டைப் பார்க்க மாட்டார். தரையைப் பார்ப்பார். சின்னதாக, கொஞ்சம் கோணலாக, இலங்கை வரைபடம்போல ஒரு கறை தெரிந்தால் அது நம்முடையது. ஒழுகாத வண்டியில் எண்ணெய் இல்லை என்று அர்த்தம் என்பது அவர் கொள்கை. அந்தக் கொள்கையோடு வளர்ந்த பிள்ளை ஒரு டீசல் எஞ்சின் வாங்கியிருக்கக் கூடாது.

வேன் வந்த புதிதில் அது ஒழுகவில்லை. ஒரு சொட்டுகூட. ஆயுத பூஜை அன்று அதற்கு நடந்த ராஜ உபசாரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. என் மனைவி மீனாவின் அண்ணன் சிதம்பரம், தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர், கடை பூஜையில் மிஞ்சிய சாமந்தியைக் கூடையோடு கொண்டுவந்து இறங்கினார். கடைக்காரர்கள் வீட்டு ஆயுத பூஜையில் தராதரம் பார்ப்பதில்லை. அளவுகோல், கத்தரிக்கோல், கல்லாப்பெட்டி, தையல் மெஷினின் மிதிகட்டைவரை எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், பூ. அதே ஒழுங்கோடு எங்கள் வேனுக்கும் செய்தார். ஸ்டியரிங்குக்கு, கண்ணாடிக்கு, அடுப்புக்கு, எஞ்சின் மூடியைத் திறக்கச் சொல்லி உள்ளே ஒவ்வொரு உறுப்புக்கும், கடைசியில் பட்டுவேட்டியோடு முட்டிபோட்டு சக்கரத்துக்கு உள்ளே கைவிட்டுக்கூட எதற்கோ பூ வைத்தார். ஒன்றையும் விட்டுவிடக் கூடாதாம். எலுமிச்சம்பழத்தின் மேல் நான்தான் வண்டியை ஏற்றினேன். நான்கு பழத்தில் மூன்று நசுங்கின. ஒன்று தப்பி ஓடி எதிர்வீட்டு வாசலில் அடைக்கலம் புகுந்தது.

மாவும் பவுடரும்

ஒழுகலைக் கண்டுபிடிப்பது எப்படி என்று ஏராளமாகப் படித்தேன். படிப்பதில் எனக்குச் சிரமமே கிடையாது. அதற்கு அடுத்த கட்டத்தில்தான் எப்போதும் சிக்கல்.

படித்ததன் சாரம் இதுதான். எண்ணெய் விழுகிற இடம் ஒழுகுகிற இடம் அல்ல. மேலே எங்கோ கசிந்து, விளிம்பு விளிம்பாக ஊர்ந்து, எஞ்சின் விசிறி அடிக்கிற காற்றில் பின்னால் தள்ளப்பட்டு, தனக்குப் பிடித்த ஏதாவது ஒரு போல்ட்டின் நுனியில் வந்து சொட்டும். ஆகவே எஞ்சினைத் துடைத்துச் சுத்தமாக்கி, மேலே மெல்லியதாகப் பவுடர் தூவி, கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். எண்ணெய் நடந்துவந்த பாதை பவுடரில் தெரியும்.

வீட்டில் பவுடர் தீர்ந்திருந்தது. கோலமாவு இருந்தது.

அசல் அரிசி மாவு. சூடான இரும்பின் மேல் எண்ணெயும் அரிசி மாவும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது எல்லா வீட்டிலும் தெரிந்த சமாச்சாரம். கொஞ்ச நேரத்தில் தெருவெல்லாம் அடை வாசனை. மீனா பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்து, திருப்பிப் போட்டீங்களா என்று கேட்டாள். அன்று பிரியாணி கேட்டு வந்தவர்கள் வழக்கத்தைவிட அதிகம்.

மறுநாள் முகப்பவுடர் வாங்கிவந்து முறையாகத் தூவினேன். ஓடவிட்டு, அணைத்து, டார்ச் அடித்துப் பார்த்தேன். அப்படியே நின்றுவிட்டேன்.

வெள்ளைப் பரப்பில் கறுப்புக் கோடுகள். ஒன்று மேலிருந்து, வால்வுகளை மூடியிருக்கும் தகரத்தின் விளிம்பில் பிறந்து, வளைந்து இறங்கியது. ஒன்று முன்பக்கத்திலிருந்து வந்தது. இரண்டும் ஓரிடத்தில் சேர்ந்து, தடித்து, எண்ணெய்த் தொட்டியின் ஓரத்தில் கிளை பிரிந்து, கடைசியில் அந்த ஒற்றைச் சொட்டாக முடிந்தன. பழுது பார்க்க வந்தவன் படம் பார்த்துக்கொண்டு நின்றேன். போனில் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். அவள் பதில் ஒரே வரி: “எந்த மாவட்டம்டா இது?”

பாஸ்கரின் வாக்கு

மந்தைவெளிப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் பாஸ்கர் அடக்கத்துக்குப் பேர்போனவர் அல்ல. தன்னால் சரிசெய்ய முடியாத எஞ்சின் இன்னும் செய்யப்படவில்லை என்பது அவர் அபிப்பிராயம். பவுடர் பூசிய எஞ்சினைப் பார்த்துவிட்டு, கல்யாணப் பொண்ணு மாதிரி கீதே சார் என்றார்.

வால்வு மூடியின் இடுக்கை அடைக்கும் பேக்கிங்கை மாற்றினார். மேல் கசிவு நின்றது. முன்பக்கக் கசிவு கூடியது. முன்பக்கத்தில் எண்ணெயைத் தடுக்கும் ‘சீல்’ வளையத்தை மாற்றினார். தொட்டியின் ஓரத்தில் வழிந்தது. தொட்டியைக் கழற்றிப் புதுப் பேக்கிங் வைத்து இறுக்கினார். எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியின் வாய் வழியாக எட்டிப் பார்த்தது.

ஒவ்வொரு முறையும் வேனைத் தெருவுக்குக் கொண்டுவந்து, அடியில் அட்டை விரிப்பேன். அட்டை சிதம்பரம் மச்சான் கடை உபயம்: பட்டுச்சேலைப் பெட்டிகளைப் பிரித்தால் உள்பக்கம் பளிச்சென்று வெள்ளை. காலையில் எடுத்துப் பார்த்தால் கறை. எங்கள் வீட்டில் காலைக் காப்பிக்கு முன்னால் அட்டை பார்ப்பது வழக்கமாகிவிட்டது. சிலர் பேப்பர் பார்ப்பதுபோல. இரண்டிலும் நல்ல செய்தி வந்ததில்லை.

இதற்கு நடுவே பாஸ்கர் சொன்ன ஒரு விஷயம் என்னை விட்டுப் போகவே இல்லை. தொட்டியைக் கழற்றிய நாளில், உள்ளே சுழலும் கனமான தண்டை எனக்குக் காட்டி, இது எதன் மேலே உட்கார்ந்திருக்கிறது என்று கேட்டார். இரும்பின் மேல் என்றேன். இல்லை என்றார். எஞ்சின் ஓடும்போது எண்ணெய் உள்ளே புகுந்து தண்டைத் தூக்கிவிடுமாம். முடியைவிட மெல்லிய ஓர் எண்ணெய்ப் படலம். அதன் மேல்தான் அது மிதக்கிறது. “இரும்பு இரும்பத் தொடவே தொடாது சார். தொட்டா முடிஞ்சிச்சு கத.”

அத்தனை சத்தம், அத்தனை ஆட்டம், மலையேறுகிற பலம், எல்லாம் ஒரு படலத்தின் மேல் மிதக்கிற சங்கதி. எத்தனை கல்யாண கோஷ்டிகள் இதில் சீட்டாடிக்கொண்டு போயிருப்பார்கள். என் நெற்றியில் விழுந்த சொட்டை நான் அலட்சியமாகத் துடைத்திருக்கக் கூடாது என்று தோன்றியது.

மழை எங்கே பெய்கிறது?

கார்த்திகை பாதி கடந்துவிட்டது. படுக்கை வசதியாக இருக்கிறதா என்று ஒத்திகை பார்க்க அக்காவை ஆட்டோவில் அழைத்து வந்தோம். அவள் வேனுக்குள் ஏறி, கட்டிலில் சாய்ந்து, கூரையைப் பார்த்து, பரவாயில்லடா என்றாள். பாராட்டுப் பத்திரம் என்றே கொள்ள வேண்டும்.

பாஸ்கர் அந்த நேரம் பார்த்து வந்தார். டிரைவர் சீட்டை ஒட்டி வேனுக்குள்ளேயே இருக்கும் எஞ்சின் மூடியைத் திறந்து, ஓடவிட்டு, காது வைத்துக் கேட்டார். கையைத் துடைத்துக்கொண்டார்.

“சார், மனசத் தேத்திக்கோ. வயசாயிடுச்சி எஞ்சினுக்கு. வண்டிலேர்ந்து எறக்கிப் பிரிச்சித்தான் ஆவணும்.”

எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டேன்.

“பொங்கல் தாண்டிடும் சார். நான் பொய் சொல்ல மாட்டேன்.”

நான் அக்காவைப் பார்க்கவில்லை. மீனா பார்த்தாள். அக்கா கட்டிலில் படுத்தபடியே, என் போனைக் கேட்டுக் கை நீட்டினாள். ஒவ்வொரு முறையும் பவுடர் தூவி எடுத்த படங்களெல்லாம் அதில் இருந்தன. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தாள். விடைத்தாள் திருத்துகிற முகம்.

“தம்பி, இந்த ஒழுகல் எல்லாம் ஒண்ணு ஒண்ணா வந்துதா, ஒண்ணா வந்துதா?” என்று பாஸ்கரைக் கேட்டாள்.

எல்லாம் ஒரே சமயத்தில்தான், ஒன்றை அடைத்தால் இன்னொன்று பீறிடுகிறது என்றார் பாஸ்கர்.

“ஒரு ஆறு கரைய ஒடச்சா கரை சரியில்லன்னு சொல்லலாம். எல்லா ஆறும் ஒரே நாள்ல ஒடச்சா, கரையப் போய் குத்தம் சொல்லுவீங்களா? மேல எங்கயோ மழை கொட்டுது தம்பி. இதுக்குள்ள மழை எங்க பெய்யுது?”

பாஸ்கர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது. மெதுவாக எஞ்சின் பக்கம் திரும்பி, எண்ணெய் ஊற்றுகிற மூடியில் கை வைத்து, ஒரு திருகு திருகினார். மூடி அவர் கையிலிருந்து துள்ளியது. புஸ்ஸென்று புகை கிளம்பி வேனுக்குள் பரவியது. அவர் அதைக் கையால் விலக்கிக்கொண்டு நின்றார்.

“டீச்சர்,” என்றார், “இது மூச்சு வுட முடியாம கீது.”

பூச்சாடி

எஞ்சின் மூச்சு விடும் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். உள்ளே ஒவ்வொரு முறை டீசல் வெடிக்கும்போதும் கொஞ்சம் காற்று நழுவி, அடிவயிற்றுக்குள் இறங்கிவிடும். எவ்வளவு நல்ல எஞ்சினானாலும் இறங்கும். அது வெளியே போவதற்கென்று ஒரு ரப்பர் குழாய் உண்டு. அந்த மூச்சு அடைபட்டால் காற்று சும்மா இருக்காது. எண்ணெயை முன்னால் தள்ளிக்கொண்டு, எங்கெல்லாம் இடுக்கு உண்டோ அங்கெல்லாம் முட்டும்.

பாஸ்கர் தெருவில் மண்டிபோட்டு, முன் சக்கரத்துக்கு உள்ளே கைவிட்டுத் துழாவினார். அந்த இடத்தைப் பார்த்ததும் எனக்கு என்னவோ நெருடியது. என்ன என்று தெரியவில்லை. குழாயின் வாயில் விரலை விட்டார். நிரடி நிரடி எதையோ இழுத்தார். வந்தது. கறுப்பாக, தக்கை மாதிரி இறுகிய ஒரு உருண்டை. இதை எவன் இங்கே வைத்தான் என்று கேட்டார். அதுவரை அந்தக் குழாயைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்பதை மறைக்கக் கொஞ்சம் சத்தமாகவே கேட்டார்.

மீனா அதை வாங்கி ஒரு கிண்ணம் டீசலில் போட்டு அலசினாள். கறுப்பு கரைந்தது. சந்தனத்தின் வெளிர் கட்டி ஒன்று பிரிந்தது. அதற்குள்ளிருந்து, நசுங்கிய மஞ்சள் இதழ்கள் மெல்ல விரிந்தன.

“சாமந்தி,” என்றாள் மீனா. “அண்ணன்.”

போன் போட்டோம். கடையில் கூட்டம், பின்னணியில் யாரோ கரை அகலமாக வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். சிதம்பரம் மச்சான் மறைக்கவே இல்லை. சந்தோஷமாகச் சொன்னார்.

“ஆமா மாப்ளே, நாந்தான் வச்சேன். பூச்சாடி கணக்கா அழகா வாயத் தொறந்துகிட்டு இருந்துச்சுல்லா. எல்லாத்துக்கும் வச்சிட்டு அத மட்டும் வெறும் வாயா விட மனசு வரல. சந்தனம் போட்டு நல்லா ஒட்டித்தான் வச்சேன், விழுந்துராம.”

போனை வைத்த பிறகு யாரும் அவரைத் திட்டவில்லை. திட்ட முடியாது. ஒருவர் பட்டுவேட்டியோடு தெருவில் முட்டிபோட்டு, யார் கண்ணிலும் படாத ஒரு துளையைக்கூட விட்டுவிடக் கூடாது என்று நினைத்திருக்கிறார். அந்த அன்பு ஒரு எஞ்சினின் மூச்சை நிறுத்தியிருக்கிறது. பாஸ்கர் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மலையேறுகிற எஞ்சினை ஒரு பூ பிடித்து நிறுத்திவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, நான் மட்டும் சொல்லியிருந்தால் யாராவது நம்பியிருப்பீர்களா என்று கேட்டார். இன்னும் அவர் அதைக் கண்டுபிடித்ததாகத்தான் மந்தைவெளியில் பேச்சு.

அக்கா மட்டும் எழுந்து உட்கார்ந்து, எஞ்சினைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். மூடி திறந்த வாயிலிருந்து மெல்லிசாகப் புகை, சீராக வந்து போய்க்கொண்டிருந்தது. தூங்குகிற குழந்தையைப் பார்ப்பதுபோல எங்கள் நால்வருக்கும் அதை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

அட்டையில் வந்த செய்தி

அழுத்தத்தில் பிதுங்கிப்போயிருந்த முன்பக்க சீல் வளையத்தை மீண்டும் மாற்றினார் பாஸ்கர். புதுக் குழாய் போட்டார். எஞ்சினை டீசலாலும் பிரஷ்ஷாலும் கழுவித் துடைத்தார். பெசன்ட் நகர்வரை ஓட்டிப் பார்த்தோம். ஊரூர் ஒல்காட் குப்பத்தில் வண்டியை நிறுத்தியதும், மீன் விற்றுக்கொண்டிருந்த அம்மா என்னிடம் பிரியாணிக்கு எவ்வளவு மீன் வேண்டும் என்று கேட்டார். திரும்பி வந்து அட்டை விரித்தேன்.

காலையில் அட்டையை எடுக்கப் போனது நான் இல்லை. எனக்கு தைரியமில்லை, நெடுநேரமாகப் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். மீனா போனாள். படியேறி வந்தவள் அட்டையை என் முகத்துக்கு நேரே பிடித்தாள். வெள்ளை நடுவே ஒரு கறை. பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்தேன். கிட்டத்தில் பார்த்தால் அது பூனையின் பாதம்.

நிலம் முடிகிற இடம்

மார்கழியில் கிளம்பினோம். சிதம்பரம் மச்சான் மாலையோடு வந்தார். வண்டியைச் சுற்றி ஒரு முறை நடந்து, பாஸ்கரிடம் இடம் கேட்டு, கண்ணாடிக்கு மேலே மட்டும் போட்டார்.

அக்கா படுத்தபடியே வந்தாள். பின் ஜன்னலில் மரங்களின் உச்சி, மின்கம்பிகள், மேகம் என்று போய்க்கொண்டிருந்ததையெல்லாம் ஊர் ஊராகப் பெயர் சொல்லிக்கொண்டு வந்தாள். பாம்பன் பாலத்தில் தலையைத் தூக்கி வெளியே பார்த்தாள்.

சாலை முடிகிற இடத்தில் வண்டியை ஓரம் கட்டி, பின் கதவுகளைத் திறந்தோம். வகுப்பில் அவள் எப்போதும் சொன்னது வடக்கே அமைதி, தெற்கே ஆவேசம். அன்று வாடைக்காற்றில் வடக்குக் கடல் சீறிக்கொண்டிருந்தது. தெற்கே தட்டில் ஊற்றிய பால். “அடப்பாவி, மாத்திக் கத்துக்குடுத்துட்டேனே” என்று மெதுவாகச் சொன்னாள். மீனா அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

எனக்கு அங்கே நிற்கத் தெரியவில்லை. பழக்க தோஷம். வண்டிக்கு அடியில் போய் மல்லாந்து படுத்துவிட்டேன்.

மேலே எஞ்சின் ஆறிக்கொண்டிருந்தது. இரும்பு சுருங்குகிற சின்னச் சின்னச் சத்தம். குழாயின் வாயிலிருந்து இழை போல ஒரு புகை வந்து காற்றில் கலைந்தது. இடப்பக்கம் சக்கரங்களுக்கு நடுவே ஒரு கடல் தெரிந்தது. வலப்பக்கம் தலையைத் திருப்பினால் இன்னொரு கடல். இரண்டும் என் காது மட்டத்தில் இருந்தன. தார்ச்சாலை காய்ந்திருந்தது.

“என்னடா, சொட்டுதா?” என்று மேலிருந்து அக்காவின் குரல்.

நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். இல்லை என்றேன்.

“அப்புறம் அங்க என்ன பண்ற?”

“சும்மா பாத்துக்கிட்டிருக்கேன்க்கா.”

இரண்டு பக்கமும் அலைச் சத்தம் மட்டும்.

“நானும்தான்,” என்றாள்.